அண்ணன் களத்தில் சாய்ந்தார். தம்பி உலகை ஜெயித்தான்!

லண்டனில் 2 வருஷம் கடும் பயிற்சி: ஸ்குவாஷ் வீரர் ஜகாங்கிர்கான் கதை

பிறக்கும்போதே குடல் இறக்க நோய். இரண்டு முறை ஆபரேஷன். ஓடக்கூடாது, ஆடக்கூடாது, உடம்பை அலட்டிக்கொள்ளக் கூடாது என்று டாக்டர்கள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள்.

அந்தச் சிறுவன் மீசை முளைக்கிற வயதில் ஊரை விட்டு லண்டனுக்குப் போனான். 17 வயதில் உலக சாம்பியன் ஆனான். அந்த வருஷம் ஆரம்பித்து 5½ வருஷம் அவனைத் தோற்கடிக்க உலகத்தில் ஆளே இல்லை.

அவன்தான் பாகிஸ்தான் ஸ்குவாஷ் வீரர் ஜகாங்கிர்கான்.

இந்த வெற்றிக்குப் பின்னால் ஒரு சாவு இருக்கிறது. ஒரு தியாகமும் இருக்கிறது. அதன் விவரம் வருமாறு:-

நாலு சுவர் ஆட்டம்

ஸ்குவாஷ் ஆட்டத்துக்குப் பெரிய மைதானம் வேண்டாம். 32 அடி நீளம், 21 அடி அகலம் உள்ள ஒரு அறை போதும். நாலு பக்கமும் சுவர். இரண்டு பேர் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வார்கள். சின்ன ரப்பர் பந்தை மட்டையால் சுவரில் அடிக்கவேண்டும். திரும்பி வரும் பந்து தரையில் இரண்டாவது தடவை படுவதற்குள் எதிராளி எடுத்து அடிக்கவேண்டும். எடுக்க முடியாவிட்டால் போச்சு.

சென்னையிலும் இந்த ஆட்டம் நடக்கிறது. 2023-ல் உலகக்கோப்பை ஸ்குவாஷ் போட்டி சென்னையில் நடந்தபோது, ராயப்பேட்டை எக்ஸ்பிரஸ் அவென்யூ கட்டிடத்துக்குள் கண்ணாடிக் கூண்டு கட்டி ஆடினார்கள். கடைக்கு வந்த கூட்டம் நின்று வேடிக்கை பார்த்தது.

பார்ப்பதற்கு எளிது. ஆடிப் பார்த்தால்தான் தெரியும். பந்து பத்து நிமிஷம் அடிபட்டுச் சூடாகும். ஆள் அரை மணி நேரத்தில் நாக்குத் தள்ளி நிற்பான்.

ஜகாங்கிர்கான் ஆடிய காலத்தில் சட்டம் இன்னும் கடுமை. 9 புள்ளி எடுத்தால் ஒரு 'கேம்'. 5 கேமில் 3 ஜெயிக்கவேண்டும். 'சர்வீஸ்' போடுகிறவருக்கு மட்டும்தான் புள்ளி உண்டு. மற்றவர் நல்ல அடி அடித்து ஜெயித்தாலும் புள்ளி கிடையாது; சர்வீஸ் மட்டும் அவர் கைக்கு மாறும். ஆகவே கால் மணி நேரம் மூச்சு வாங்க ஆடிவிட்டு நிமிர்ந்து பார்த்தால் 'ஸ்கோர்' அப்படியே நிற்கும்!

கை வேகம் மட்டும் இருந்தால் இந்த ஆட்டத்தில் பிழைக்க முடியாது. கால் தாங்கவேண்டும். மூச்சு தாங்கவேண்டும்.

பந்து பொறுக்கிய குடும்பம்

பெஷாவர் பக்கத்தில் நவாகில்லே என்று ஒரு சின்ன கிராமம். உலக ஸ்குவாஷ் ஆட்டத்தையே ஆட்டி வைத்த 'கான்' வீரர்கள் எல்லாம் இந்தக் கிராமத்து வம்சம்தான்.

இவர்களில் முதல்வர் ஹாஷிம்கான். வெள்ளைக்காரன் ஆட்சியில் பெஷாவரில் ராணுவ அதிகாரிகள் கிளப் இருந்தது. அங்கே துரைமார்கள் ஆடும்போது வெளியே போய் விழும் பந்தை எடுத்துக் கொடுக்கும் பையனாக இருந்தார். துரைமார்கள் போன பிறகு தானாகவே ஆடிப் பழகினார்.

1951-ல் பாகிஸ்தான் விமானப்படை அவரை இங்கிலாந்துக்கு அனுப்பிவைத்தது. அப்போது அவர் வாலிபர்கூட இல்லை. வயது முப்பதைத் தாண்டிவிட்டது. போன முதல் தடவையே 'பிரிட்டிஷ் ஓப்பன்' போட்டியில் ஜெயித்தார். மொத்தம் 7 முறை அந்தப் பட்டத்தைப் பெற்றார்.

1957-ல் அவரைத் தோற்கடித்துப் பட்டம் வாங்கியவர் ரோஷன்கான். அதே கிராமத்துக்காரர். இந்த ரோஷன்கானின் மகன்தான் ஜகாங்கிர்கான்.

நோயாளிப் பிள்ளை

ஜகாங்கிர் 1963 டிசம்பர் 10-ந் தேதி கராச்சியில் பிறந்தான். 'ஜகாங்கிர்' என்றால் 'உலகை வென்றவன்' என்று அர்த்தம். ஆனால் பெயருக்கும் பிள்ளையின் உடம்புக்கும் சம்பந்தமே இல்லை.

பிறவியிலேயே குடல் இறக்கம். 5 வயதில் ஒரு ஆபரேஷன். 12 வயதில் இன்னொரு ஆபரேஷன். மற்ற பிள்ளைகள் ஓடி விளையாடும்போது இவன் பார்த்துக்கொண்டு இருக்கவேண்டும்.

அப்பா சாம்பியன். அண்ணன் தோர்சாம்கானும் வெளிநாடுகளுக்குப் போய் ஆடும் முன்னணி வீரர். வீட்டில் பேச்சு எல்லாம் ஸ்குவாஷ். கடைசிப் பிள்ளைக்கு மட்டும் தடை.

ஆசை யாரை விட்டது? கிடைத்த நேரத்தில் மட்டையை எடுத்துச் சுவரில் அடித்துப் பார்த்தான். இரண்டாவது ஆபரேஷன் காயம் ஆறியபிறகுதான் அப்பா முழு மனதோடு சம்மதம் கொடுத்தார். அண்ணன் தட்டிக்கொடுத்தார்.

டீமில் இடம் இல்லை

1979-ம் வருஷம். ஆஸ்திரேலியாவில் உலக அமெச்சூர் போட்டி. பாகிஸ்தான் டீமுக்கு ஆள் எடுத்தார்கள். ஜகாங்கிருக்கு அப்போது வயது 15. உடம்பு சரியில்லாமல் கிடந்து எழுந்தவன், தெம்பு போதாது என்று தேர்வுக் கமிட்டி ஒதுக்கிவிட்டது.

டீமில்தானே இடம் இல்லை? தனி நபர் போட்டி இருக்கிறதே! அதில் இறங்கினான் ஜகாங்கிர். மெல்போர்ன் நகரில் போட்டி நடந்தது. தாடி மீசை வைத்த ஆட்களை ஒவ்வொருவராகத் தோற்கடித்தான். பைனலிலும் ஜெயித்தான்.

தெம்பு இல்லை என்று ஒதுக்கப்பட்ட பையன் உலக அமெச்சூர் சாம்பியன்! அந்தப் பட்டத்தை அவ்வளவு சின்ன வயதில் அதுவரை யாரும் வாங்கியது இல்லை.

அண்ணன் தோர்சாமுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம் என்றால் அது மிகை ஆகாது. ஆனால் அந்தச் சந்தோஷம் சில வாரங்கள்கூட நீடிக்கவில்லை.

அடிலெய்டில் பயங்கரம்

1979 நவம்பர் மாதம். அதே ஆஸ்திரேலியாவில் அடிலெய்டு நகரம். ஒரு போட்டியில் தோர்சாம்கான் ஆடிக்கொண்டிருந்தார். ஆட்டத்தின் நடுவே திடீரென்று மாரடைப்பு. சுருண்டு விழுந்தார். காப்பாற்ற முடியவில்லை.

அவருக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. ஸ்குவாஷ் வீரர்களின் சர்வதேச சங்கத்துக்குத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர். இன்னும் பல வருஷம் ஆடவேண்டியவர்.

குடும்பமே இடிந்துபோயிற்று. நோயாளி என்று ஆடாமல் வைத்திருந்த பிள்ளை நன்றாக இருக்கிறான். திடகாத்திரமாக ஆடிக்கொண்டிருந்த பிள்ளை ஆட்டக் களத்திலேயே போய்விட்டான். எந்தத் தகப்பனுக்குத்தான் தாங்கும்?

ஜகாங்கிருக்கு அண்ணன்தான் எல்லாம். மட்டையைத் தொடவே மனம் வரவில்லை. ஆட்டத்தை அடியோடு விட்டுவிடலாம் என்று நினைத்தான். பிறகு மனம் மாறியது. அண்ணன் பெயர் நிலைக்கவேண்டும் என்றால் ஆடியே தீரவேண்டும் என்று முடிவு செய்தான்.

முடிவு செய்தால் போதுமா? யார் சொல்லிக் கொடுப்பது? எங்கே தங்குவது?

கைகொடுத்தார் ரகமத்

இந்த நேரத்தில் முன்வந்தவர் ரகமத்கான். ஜகாங்கிருக்கு ஒன்றுவிட்ட அண்ணன். லண்டனில் குடியேறி ஆடிக்கொண்டிருந்தவர். ரகமத்தின் தகப்பனார் நஸ்ருல்லாகானும் லண்டனில் பயிற்சியாளராக இருந்தவர். 6 முறை பிரிட்டிஷ் ஓப்பன் ஜெயித்த ஜோனா பாரிங்டனுக்குப் பாடம் சொன்னவர் அவர்தான்.

ரகமத் நினைத்திருந்தால், துக்கம் விசாரித்துவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போயிருக்கலாம். அவருக்கும் குடும்பம் இருந்தது. 1979 அக்டோபரில்தான் அவருக்கு ஒரு பெண் குழந்தை பிறந்திருந்தது. ஆடினால்தான் வருமானம் என்கிற தொழில்.

ஆனாலும் அவர் தன் ஆட்டத்தை நிறுத்திக்கொண்டார். இனி என் வேலை இந்தப் பையனை ஆளாக்குவது என்று ஜகாங்கிரைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டார்.

(அன்று கைக்குழந்தையாக இருந்த அந்தப் பெண்தான் நடாஷாகான். பின்னாளில் 'பேட் பார் லாஷஸ்' என்ற பெயரில் பாட்டுப் பாடி இங்கிலாந்தில் பெரும் புகழ் பெற்றார்.)

பாகிஸ்தான் விமானக் கம்பெனி (பி.ஐ.ஏ.) அப்போது ஸ்குவாஷ் வீரர்களுக்கு ஆதரவு கொடுத்து வந்தது. அந்த ஆதரவு ஜகாங்கிருக்கும் கிடைத்தது.

லண்டன் எதற்கு?

ஸ்குவாஷ் பாகிஸ்தானில் இல்லையா, லண்டனுக்கு எதற்குப் போகவேண்டும் என்று கேட்கலாம். காரணம் இருக்கிறது.

அப்போது தொழில்முறை ஸ்குவாஷுக்கு இங்கிலாந்துதான் தலைநகர் மாதிரி. ஊருக்கு ஊர் கிளப். எங்கே பார்த்தாலும் கோர்ட். எந்த நாட்டு வீரரும் பிரிட்டிஷ் ஓப்பன் ஆட அங்கே வந்தாகவேண்டும். பெரிய ஆட்டக்காரர்களைக் கிட்டத்தில் நின்று பார்க்கலாம், மோதியும் பார்க்கலாம். ஐரோப்பா முழுவதும் நடக்கும் போட்டிகளுக்குப் போய்வருவதும் சுலபம்.

லண்டன் நகரில் வெம்பிளி பகுதியில் ரகமத்தும் ஜகாங்கிரும் முகாம் போட்டார்கள். வெம்பிளி என்றால் உலகம் முழுவதும் கால்பந்து ஸ்டேடியம்தான் ஞாபகம் வரும். அதே வட்டாரத்தில் ஒரு ஸ்குவாஷ் கோர்ட்டுக்குள் பாகிஸ்தான் பையன் ஒருவன் வியர்வை சிந்திக்கொண்டிருந்தது அன்று பலருக்குத் தெரியாது.

தினம் 9 மைல் ஓட்டம்

பயிற்சி என்றால் சும்மா பந்து தட்டுவது அல்ல. ஜகாங்கிர்கான் பிற்காலத்தில் சொன்ன கணக்கு இது:

முதலில் 9 மைல் ஓட்டம். கிலோ மீட்டரில் சொன்னால் 14-க்கு மேல். இதைச் சீரான வேகத்தில் ஓடவேண்டும். மூச்சு அடங்குவதற்குள் குறுந்தூர ஓட்டம். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, நொடிக் கணக்கில், திரும்பத் திரும்ப முழு வேகத்தில் பாயவேண்டும். அதற்குப் பிறகு ஜிம்னேசியத்தில் எடை தூக்குதல். கடைசியில் உடம்பு ஆற நீச்சல் குளம்.

இப்படி வாரத்தில் 5 நாள். 6-வது நாள் ஆட்டப் பயிற்சி. 7-வது நாள் ஓய்வு.

ஓடுவதற்கும் ஒரே இடம் கிடையாது. ஒரு நாள் தார் ரோடு. ஒரு நாள் ஓட்டப் பந்தயத் தளம். ஒரு நாள் வயல்வெளி. கடற்கரைக்குப் போனால் முழங்கால் அளவு தண்ணீரில் இறங்கி ஓட்டம். பாகிஸ்தான் போகும்போது வடக்கே மலைப் பகுதிக்குப் போய், காற்று குறைவாக உள்ள உயரத்தில் பயிற்சி.

குடல் இறக்கத்துக்கு இரண்டு முறை கத்தி வைத்த உடம்பு இது என்பதை மறந்துவிடக்கூடாது!

பயிற்சிக்கு ஒரு கணக்கு இருந்தது. எதிராளியை ஒரே அடியில் வீழ்த்தப் பார்ப்பது பழைய பாணி. ஒரு ஆட்டம் இரண்டு மணி நேரம் போனாலும், முதல் நிமிஷத்தில் ஓடிய அதே வேகத்தில் கடைசி நிமிஷத்திலும் ஓடுவது இவர்கள் பாணி. எதிராளி எவ்வளவு கெட்டிக்காரனாக இருந்தாலும் கால் தளர்ந்தால் ஆட்டம் முடிந்தது.

முதல் மோதல்: தோல்வி

அந்தக் காலத்தில் உலகத்தின் நம்பர் ஒன் ஆட்டக்காரர் ஆஸ்திரேலியாவின் ஜெப் ஹண்ட். 4 முறை உலக ஓப்பன் சாம்பியன். பிரிட்டிஷ் ஓப்பன் பட்டம் 7 முறை வாங்கி, 8-வது பட்டத்துக்குக் குறி வைத்திருந்தார். ஓடி ஓடியே எதிராளியைக் களைக்க வைப்பதில் மன்னன்.

1981 ஏப்ரலில் பிரிட்டிஷ் ஓப்பன் பைனல். ஹண்டுக்கு வயது 34. ஜகாங்கிருக்கு 17. வயதில் பாதி!

ஆட்டம் இரண்டு மணி நேரத்துக்கு மேல் போயிற்று. ஹண்ட் உயிரைக் கொடுத்து ஆடினார். 3-க்கு 1 என்ற கணக்கில் ஜெயித்து 8-வது பட்டத்தையும் தட்டிச் சென்றார்.

ஜகாங்கிர் தோற்றான். ஆனால் விஷயம் தெரிந்தவர்கள் புரிந்துகொண்டார்கள். மற்றவர்கள் ஹண்டோடு ஆடினால் கடைசியில் நிற்க முடியாது. இந்தப் பையன் கடைசிப் பந்து வரை நின்றான். அடுத்த தடவை என்ன ஆகும் என்பதுதான் கேள்வி.

டொராண்டோவில் பதில்

பதில் அதே வருஷம் நவம்பர் மாதம் கிடைத்தது. கனடாவில் டொராண்டோ நகரம். உலக ஓப்பன் பைனல். மறுபடியும் ஹண்ட்-ஜகாங்கிர் மோதல்.

முதல் கேமை 9-7 என்று ஹண்ட் எடுத்தார். பழைய கதைதான் என்று பார்த்தவர்கள் நினைத்திருப்பார்கள்.

அதற்குப் பிறகுதான் வெம்பிளியில் ஓடிய ஓட்டம் வேலை செய்தது. இரண்டாவது கேம் 9-1. மூன்றாவது 9-2. நாலாவது 9-2. மூன்று கேமிலும் சேர்த்து ஹண்டுக்குக் கிடைத்தது 5 புள்ளிதான்!

18 வயது ஆக இன்னும் சில நாட்கள் இருக்கும்போது ஜகாங்கிர்கான் உலக ஓப்பன் சாம்பியன். அண்ணன் தோர்சாம் இறந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அடுத்த வருஷம் முதுகுவலி காரணமாக ஹண்ட் பெரிய போட்டிகளிலிருந்து ஒதுங்கினார். நம்பர் ஒன் இடம் கைமாறிவிட்டது.

தோல்வியே இல்லை

ஏப்ரலில் ஹண்டிடம் தோற்றதுதான் கடைசி. அதற்குப் பிறகு 1986 நவம்பர் வரை ஜகாங்கிர்கான் எந்தப் போட்டியிலும் தோற்கவில்லை. 5½ வருஷத்துக்கு மேல்! தொடர்ந்து 555 ஆட்டம் ஜெயித்ததாகச் சொல்வது வழக்கம். ஆட்டங்களின் எண்ணிக்கையில் கூடுதல் குறைச்சல் பேசுகிறவர்கள் உண்டு. ஆனால் இடையில் அவர் ஒரு தடவைகூடத் தோற்கவில்லை என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை.

1982-ல் சர்வதேச வீரர்கள் சங்கப் போட்டியில் ஒரு புள்ளிகூடக் கொடுக்காமல் பட்டம் வாங்கினார். முதல் ஆட்டம் முதல் பைனல் வரை எதிராளிகள் எல்லாருக்கும் முட்டைதான்.

1983-ல் இங்கிலாந்தில் சிச்செஸ்டர் நகரில் ஒரு பைனல். எதிராளி எகிப்து வீரர் கமால் அவாத். முதல் கேம் மட்டும் 71 நிமிஷம்! அதில் ஜெயித்தவர் அவாத். ஆனால் அந்த ஒரு கேமுக்கே அவர் சக்தியெல்லாம் செலவாகிவிட்டது. அடுத்த மூன்று கேமையும் ஜகாங்கிர் எடுத்தார். மொத்தம் 2 மணி 46 நிமிஷம். அப்போது அது உலக சாதனை. 2015-ல்தான் அதைவிட நீண்ட ஆட்டம் ஒன்று நடந்தது.

இத்தனையிலும் கோர்ட்டுக்கு வெளியே நின்றவர் ரகமத்கான். பட்டம் தம்பிக்கு. பத்திரிகையில் போட்டோ தம்பிக்கு. ரகமத் தனக்காக ஆடியிருந்தால் எந்த இடத்துக்குப் போயிருப்பார் என்பது அவருக்கே தெரியாத கணக்கு.

காத்திருந்து ஜெயித்தவர்

ஜகாங்கிரின் வெற்றி ஊர்வலத்தைத் தடுத்து நிறுத்தியவர் நியூசிலாந்து வீரர் ராஸ் நார்மன். இவரும் விழுந்து எழுந்தவர். 1983-ல் பாராசூட்டில் குதித்து முழங்கால் நொறுங்கியது. பல மாதம் ஆட முடியவில்லை. மறுபடி ஆட வந்து ஜகாங்கிரிடம் தோற்றார், மறுபடியும் தோற்றார். ஒரு நாள் அவர் ஆட்டம் கொஞ்சம் இறங்கும், அன்று பிடித்துவிடுவேன் என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

அந்த நாள் 1986 நவம்பரில் வந்தது. பிரான்சில் துலூஸ் நகரில் உலக ஓப்பன் பைனல். 3-க்கு 1 என்று நார்மன் ஜெயித்தார். ஸ்குவாஷ் உலகமே அதிர்ந்தது.

ஜகாங்கிர்கான் அதோடு சோர்ந்துவிடவில்லை. 1988-ல் உலக ஓப்பன் பட்டத்தை மறுபடி வாங்கினார். அதையும் சேர்த்து மொத்தம் 6 முறை உலக ஓப்பன். பிரிட்டிஷ் ஓப்பன் 1982 முதல் 1991 வரை வருஷம் தவறாமல் 10 முறை. இதற்குள் பாகிஸ்தானிலிருந்தே ஜான்ஷெர்கான் என்ற இளைஞர் போட்டிக்கு வந்துவிட்டார். 1993-ல் ஜகாங்கிர்கான் ஓய்வு பெற்றார்.

பிறகு 2002 முதல் 2008 வரை உலக ஸ்குவாஷ் சம்மேளனத்தின் தலைவராக இருந்தார். ஸ்குவாஷை ஒலிம்பிக்கில் சேர்க்கவேண்டும் என்று அப்போது மன்றாடிப் பார்த்தார். நடக்கவில்லை. 2023 அக்டோபரில் பம்பாயில் கூடிய ஒலிம்பிக் கமிட்டிதான் அந்தக் கதவைத் திறந்தது. 2028-ல் அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் ஸ்குவாஷ் முதல் தடவையாக ஒலிம்பிக் ஆட்டம் ஆகிறது.

இன்று பல நாட்டுப் பிள்ளைகள் மட்டையும் பெட்டியுமாக வெளிநாட்டுக்குப் பயிற்சிக்குப் போகிறார்கள். கோர்ட் கிடைக்கும். ஜிம்னேசியம் கிடைக்கும். பணம் இருந்தால் கோச்சும் கிடைப்பார். தன் ஆட்டத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டு, அடுத்தவன் பிள்ளைக்காகத் தினமும் காலையில் கடிகாரத்தோடு வந்து நிற்க ஒரு ரகமத்கான் கிடைப்பதுதான் கஷ்டம்.